விளையாட்டுத் தொலைக்காட்சிக்கு ராக் கருவியிசை: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டு அறையிலேயே கிட்டாரையும் கணினியையும் வைத்துக்கொண்டு இசை எழுதும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு இசை வேண்டும் என்று பிரீஃப் (தேவைக் குறிப்பு) வந்தது, கேட்டபடியே எழுதி அனுப்பினேன், ஏற்கவில்லை, காரணமும் சொல்லவில்லை, எங்கே தவறினேன் என்பதே அந்தக் கேள்வி. இசை நூலகங்கள் (நிகழ்ச்சிகளுக்கான இசையைச் சேர்த்துவைத்து உரிமம் தரும் நிறுவனங்கள்) காரணம் சொல்வது அரிது. ஆகவே மருத்துவர் நாடி பார்ப்பதைப் போல, டிராக்கில் தென்படும் அறிகுறியை வைத்துப் பிழையை நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பிரீஃபில் பெரும்பாலும் ஒரே வகையான வரிகள்தாம் இருக்கும்: துடிப்பான ராக், பாடும் குரல் வேண்டாம், கிட்டார் முன்னால் நிற்கட்டும், வேகம் 130 முதல் 160 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) வரை, நீளம் ஏறத்தாழ இரண்டு நிமிடம், முடிவு ஓர் அடியில் நிற்க வேண்டும். இந்த வரிகளுக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் நம் இசையை வெட்டி ஒட்டப்போகும் எடிட்டர்; மற்றவர் அதன்மேல் பேசப்போகும் வர்ணனையாளர். கீழே சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை, இந்த இருவரையும் மறந்து, ஹெட்போனில் தனியாக உட்கார்ந்து கேட்கும் ஒருவருக்காக எழுதுவதால் வருபவை என்பது என் அனுபவம்.

அறிகுறி: வேகம் 150-இல் இருக்கிறது, ஆனால் இசை ஓடவில்லை

முதலில் ஸ்னேர் (டிரம்ஸில் கூர்மையாக 'டப்' என்று ஒலிக்கும் முரசு) எந்த அடியில் விழுகிறது என்று பாருங்கள். நான்கு அடி கொண்ட ஒரு பாரில் ஸ்னேர் மூன்றாம் அடியில் மட்டும் விழுந்தால், மென்பொருள் 150 என்று காட்டினாலும் காதுக்கு அது 75 போலவே நடக்கும். கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) எழுதுகிறவர்கள் தம்மையறியாமல் இந்தப் பாதி நடைக்குள் போய்விடுவது வழக்கம். ஸ்னேரை இரண்டாம், நான்காம் அடிகளுக்கு மாற்றுங்கள். ஹை-ஹேட்டை (ஜோடியாக உள்ள சிறு சிம்பல்) எட்டின் நடையில், அதாவது பாருக்கு எட்டு அடியாக, விடாமல் ஓடவிடுங்கள். டிராக்குகளில் ஏறத்தாழ பாதிக்கு இதுவே போதுமான மருந்தாக இருக்கும்.

அப்படியும் ஓடவில்லையென்றால், கிட்டார்களை முழுவதும் மியூட் செய்துவிட்டு டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் மட்டும் கேளுங்கள். அந்த இரண்டும் சேர்ந்து தலையாட்ட வைக்கவில்லையென்றால், மேலே எத்தனை கிட்டார் அடுக்கினாலும் பயனில்லை. பேஸ் கிட்டாரின் அடியும் கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடியும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பல நேரங்களில் பேஸ் 20, 30 மில்லி நொடி பின்தங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது காரணம் எழுத்திலேயே இருக்கிறது, இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். முதல் நொடியிலிருந்தே எல்லாக் கருவியும் முழு வேகத்தில் ஒலித்தால், பத்து நொடிக்குள் காது அதற்குப் பழகிவிடும். பிறகு அந்த இசைக்கு ஏறிப்போக இடமே இருக்காது. நம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியிலிருந்து போய், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவின் ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் தாண்டுதலில் முதலில் ஓட்டம், பிறகு கால் ஊன்றும் கணம், பிறகு உடல் காற்றில் நிற்கும் ஒரு நொடி, பிறகு மெத்தையில் விழுதல் என்று நான்கு நிலைகள் உண்டு. இதே அமைப்பை இசையில் வையுங்கள். முதல் எட்டு பார்களில் பாம் மியூட் செய்த (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசித்த) ஒரே கிட்டாரும் கிக்கும் போதும். அடுத்த எட்டில் ஸ்னேரும் பேஸும் சேரட்டும். பிறகு ஓர் அடி அல்லது இரண்டு அடி அளவுக்கு முழு அமைதி விட்டு, அதன்பின் அமுக்காமல் முழங்கும் பவர் கார்டுகளை (இரண்டு சுரங்கள் மட்டும் சேர்ந்தவை) இரு பக்கக் கிட்டார்களிலும் அவிழ்த்துவிடுங்கள். அந்த அமைதி அரை நொடிதான் நீடிக்கும். ஆனால் அடுத்து வரும் அடிக்கு வலிமை தருவது அதுவே. எடிட்டர் அந்த இடத்தில்தான் பந்து ஸ்டம்பைச் சிதறடிக்கும் காட்சியை வைப்பார்.

அறிகுறி: தொடக்கத்தைத் தாண்டி யாரும் கேட்பதில்லை

நூலகத்தில் இசை தேடும் எடிட்டர் ஒரு டிராக்குக்குச் சில நொடிகளே தருவார். சிந்தசைசர் மெல்ல எழும் பதினைந்து நொடி முன்னுரை கச்சேரிக்கு அழகு. இங்கே அதுவே தடை. ரிஃப் முதல் பாரிலேயே தொடங்கட்டும்.

அறிகுறி: வர்ணனை சேர்ந்தவுடன் பேச்சும் புரியவில்லை, இசையும் இடிக்கிறது

மனிதப் பேச்சைத் தெளிவாக்கும் மெய்யொலிகள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றிய லீட் கிட்டாரும் (முதன்மை மெட்டை வாசிப்பது) அதே இடத்தில்தான் உட்காருகிறது. ஒரே திண்ணையில் இருவர் உட்கார முயல்வதைப் போன்றது இது. ஈக்வலைசரில் அந்தப் பகுதியை 2 அல்லது 3 டெசிபல் குறைப்பது உதவும். ஆனால் அதைவிடச் சிறந்த வழி, லீட் மெட்டையே சிறு சிறு துண்டுகளாக எழுதி, துண்டுகளுக்கு நடுவே இரண்டு பார் இடைவெளி விடுவதாகும். விடாமல் பாடிக்கொண்டேயிருக்கும் மெட்டு, வர்ணனையாளருக்குப் போட்டியாக இன்னொரு வர்ணனையாளரை உட்கார வைத்தது போலாகும். நீண்ட கிட்டார் தனியாவர்த்தனம் வேண்டாம் என்று பிரீஃப் சொல்வதும் இதனால்தான்.

சோதிப்பது எளிது. கைபேசியில் உங்கள் குரலிலேயே ஒரு நிமிடம் ஆட்ட வர்ணனை பேசிப் பதிவு செய்யுங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் வீசுகிறார், மட்டையாளர் திணறுகிறார் என்று பேசினாலே போதும். அதை இசையின்மேல் வைத்து, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் போட்டுக் காட்டி, என்ன பேசினேன் என்று கேளுங்கள். அவர் ஒரு சொல்லையாவது தவறவிட்டால் மீண்டும் மிக்ஸுக்கு (கருவிகளின் ஒலியைச் சமன்செய்து சேர்க்கும் வேலைக்கு) போங்கள். லீட் இல்லாத மாற்று வடிவம் ஒன்றையும் எப்போதும் சேர்த்தே அனுப்புங்கள். அதுவே முதன்மை வடிவத்தைவிட அதிகம் பயன்படலாம்.

அறிகுறி: எடிட்டரால் வெட்ட முடியவில்லை

திரும்பி வரும் டிராக்குகளில் நான் அதிகம் காணும் பிழை இதுவே; ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு இடம் வேண்டும். ஒரு பகுதியின் கடைசி கார்டு அடுத்த பகுதிக்குள் இழுபட்டால், எதிரொலி இரண்டு நொடி நீண்டால், சிம்பலின் ஓசை அடங்குவதற்குள் அடுத்த ரிஃப் தொடங்கினால், எங்கே வெட்டினாலும் வால் தொங்கும். எட்டு அல்லது பதினாறு பார்களுக்கு ஒருமுறை எல்லாக் கருவியும் சேர்ந்து ஓர் அடியில் நின்று, அரை பார் மூச்சு விட்டு, மீண்டும் தொடங்கும்படி எழுதுங்கள். எதிரொலியை ஒரு நொடிக்குள் அடக்குங்கள். நடுவில் வேகத்தையோ சுருதியையோ மாற்றாதீர்கள். மாற்றினால் பின்பகுதியை முன்பகுதியோடு ஒட்டவே முடியாது.

அடுத்தது கணக்கு. தொலைக்காட்சியில் 60, 30, 15 நொடி வடிவங்களைக் கேட்பார்கள். முழு டிராக்கை எழுதிவிட்டுப் பிறகு அதை 30 நொடிக்குள் திணிப்பதைவிட, வேகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. 160 பிபிஎம்மில் ஒரு பார் சரியாக 1.5 நொடி, 30 நொடிக்கு 20 பார். கடைசி அடியை இருபதாம் பாரின் முதல் அடியில் வைத்தால், அது 28.5-ஆம் நொடியில் விழும். ஓசை அடங்க ஒன்றரை நொடி மிச்சம் இருக்கும். 15 நொடி வடிவத்தில் அதே அடி பத்தாம் பாரின் தொடக்கத்தில், 13.5-ஆம் நொடியில் விழும். பிரீஃப் இடம் கொடுத்து, சற்று நிதானமான நடை வேண்டுமென்றால் 128-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு பார் 1.875 நொடி, 30 நொடிக்குச் சரியாக 16 பார், 15 நொடிக்கு 8 பார். 144-இல் 30 நொடிக்கு 18 பார், 15 நொடிக்கு 9 பார். 145 என்று வைத்துவிட்டால் எதுவும் முழுப் பாரில் முடியாது. ஒரே ஒரு பிபிஎம் வேறுபாட்டுக்காக ஒரு மாலை முழுவதும் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க நேரிடும்.

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 நொடிதான் அனுமதி என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். ஊர்த் திருவிழாக் கபடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த 30 நொடியின் ஏற்றம் உடம்பிலேயே இருக்கிறது: கோட்டைத் தாண்டும் கால், சுற்றி வளைக்கும் கைகள், கடைசி ஐந்து நொடியின் பதைப்பு, தொட்டுவிட்டுத் திரும்பும் பாய்ச்சல். 30 நொடி வடிவம் எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரெய்டை ஓடவிட்டு எழுதினால், எங்கே ஏற வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிவைப் பற்றி ஒரு சொல். ஒலி படிப்படியாகத் தேய்ந்து மறையும் முடிவை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். விளம்பர இடைவேளைக்குப் போகும் காட்சி, அடித்து நிற்கும் முடிவில்தான் வெட்டப்படும்.

அறிகுறி: கிட்டார் தனியாகக் கேட்டால் மலை, மிக்ஸில் கேட்டால் சேறு

கெயின் (கரகரப்பைக் கூட்டும் அளவு) அதிகம். ஆம்ப் சிமுலேட்டரில் (ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கணினியில் தரும் மென்பொருள்) 8-இல் இருக்கும் கெயினை 5-க்கு இறக்குங்கள். இறக்கியவுடன் கை வெறுமையாக இருப்பது போலத் தோன்றும். பொறுத்துக்கொண்டு ஒரே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடப்பக்கமும் மற்றொன்றை முழு வலப்பக்கமும் வையுங்கள். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுதான் அகலத்தைத் தருகிறது. ஒரே வாசிப்பை நகலெடுத்துச் சில மில்லி நொடி தள்ளிவைப்பது அகலம் போல ஏமாற்றும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் இரு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது, சில அலைகள் ஒன்றையொன்று தின்று, குழாய்க்குள் பேசுவது போன்ற ஓசையே மிஞ்சும்.

ஆறாம் கம்பியை டி-க்கு இறக்கியிருந்தால் அதன் அடிப்படை ஒலி 73 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அங்கே கிக்கும் பேஸும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு, அடிப்பகுதியைப் பேஸிடம் ஒப்படையுங்கள்.

இரண்டு கிட்டார்களும் சேரும்போது புளிப்பது போல் தோன்றினால் அது கெயின் அல்ல, சுருதி. சேலத்து வெயிலிலிருந்து கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போனால், குளிரிலும் ஈரத்திலும் கம்பியும் மரமும் தம் நிலை மாறும். பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டுச் சுருதி சேர்க்க வேண்டும். அதன்பின்னும் ஒவ்வொரு வாசிப்புக்கும் முன் ட்யூனரைப் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் இடப்பக்கத்தைச் சேலத்திலும் வலப்பக்கத்தை மறுநாள் மலையிலும் பதிவு செய்து, இரண்டையும் சேர்த்தபோது ஒவ்வொரு கார்டும் அலையலையாக அடித்ததைக் கேட்டு, இரு பக்கத்தையும் முதலிலிருந்து வாசித்தேன்.

அறிகுறி: ரிஃப் நிற்கும் இடங்களில் இரைச்சல் கேட்கிறது

எடிட்டருக்காக நாம் விட்ட அந்த அமைதியில்தான் இந்தப் பிழை வெளிப்படும். இரைச்சலின் வகையைக் காதால் பிரித்துப் பாருங்கள். தாழ்ந்த 'ம்ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியோடு மெல்லச் சுழன்றால் ஏதோ ஒரு திசையில் அது குறையும், அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசியுங்கள். 'ஸ்ர்ர்ர்' என்று கூர்மையாக இருந்தால் பெரும்பாலும் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரே காரணம். விசிறியை அடியோடு நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மின்வெட்டு நேரத்தில் மட்டும் வந்தால் இன்வெர்ட்டர். கம்பியைக் கையால் தொட்டால் இரைச்சல் மாறுகிறது என்றால் வீட்டின் எர்த்தைச் சோதிக்க எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கிவிட்டு இரைச்சல் போய்விட்டது என்று மகிழ்வது உயிருக்கே ஆபத்தானது.

நேரடியாக இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகும் கிட்டாருக்கு வெளியோசை ஒரு பொருட்டல்ல. மைக் வைக்கும் டிரம்ஸுக்கு அதுதான் எல்லாம். சேலம் நகரின் குகை, அம்மாப்பேட்டைப் பகுதிகளில் வீடு உள்ளவர்களுக்கு விசைத்தறியின் 'டடக் டடக்' பகலெல்லாம் சுவர் வழியே வரும். அதற்கென்று ஒரு தனி வேகம் உண்டு. நம் 160-உடன் அது ஒருபோதும் சேராது. தறி நிற்கும் நேரத்தைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டு வைத்துக்கொள்வதே நடைமுறையில் சாத்தியமான தீர்வு. ஏற்காட்டில் அறுவடை இல்லாத மாதங்களில் காலியாகக் கிடக்கும் காப்பிக் கிடங்கில் டிரம்ஸ் வைத்தால் ஸ்னேருக்குப் பெரிய கூடத்தின் அருமையான முழக்கம் கிடைக்கும். ஆனால் கூரை தகரமாக இருந்தால் மழை தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். முதல் துளிகள் விழும் ஓசை மேலே தொங்கும் மைக்கில் ஹை-ஹேட் போலவே பதிவாகும். மிக்ஸில் அதை நீக்க வழியில்லை.

அறிகுறி: டிரம்ஸ் இயந்திரம் போல ஒலிக்கிறது

மென்பொருள் டிரம்ஸில் எல்லா அடியும் ஒரே விசையில் இருப்பதே காரணம். ஹை-ஹேட்டில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தணியுங்கள், நான்கு பார்களுக்கு ஒருமுறை சிறிய நிரப்பல் (ஃபில்) வையுங்கள், இரண்டு கையும் இரண்டு காலும் உள்ள ஒருவரால் அடிக்க முடியாத எதையும் எழுதாதீர்கள். ஃபில் அடிக்கும் கை அதே கணத்தில் ஹை-ஹேட்டையும் அடிக்க இயலாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: ஸ்டூடியோவில் இடித்த பேஸ் தொலைக்காட்சியில் காணவில்லை

தொலைக்காட்சிப் பெட்டியின் சிறிய ஸ்பீக்கர் ஆழ்ந்த ஒலிகளை ஏறக்குறைய எழுப்புவதே இல்லை. பேஸை ஏற்றுவது தீர்வாகாது. ஏற்றினால் மற்றவை அமுங்கும். பேஸுக்குச் சிறிது டிஸ்டார்ஷன் கொடுத்தால் 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை அதன் மேல்சுரங்கள் எழும். அவற்றைக் கேட்டே காது கீழ்ச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். கிக்கிலும் மிதியின் சுத்தி தோலில் படும் 'டிக்' ஓசையைச் சற்று உயர்த்துங்கள்.

அறிகுறி: மற்ற டிராக்குகளைவிடச் சத்தமாக மாஸ்டர் செய்தும் ஒளிபரப்பில் சிறுத்துவிட்டது

ஐரோப்பிய ஒளிபரப்பின் சத்த அளவு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் அலகு). அமெரிக்காவில் மைனஸ் 24. நாம் லிமிட்டரை (ஒலியின் உச்சங்களை அடக்கும் கருவி) அழுத்தி மைனஸ் 7-க்குக் கொண்டுபோனாலும் அவர்கள் அதைக் கீழே இறக்கியே பயன்படுத்துவார்கள். இறக்கியபின் மிஞ்சுவது நாம் நசுக்கிய ஸ்னேர்தான். நசுக்காத டிராக்கின் ஸ்னேர் அதே அளவில் நன்றாகத் துள்ளும். லிமிட்டரைத் தளர்த்துங்கள், ஸ்னேர் அடிக்கும்போது மீட்டர் தாவ வேண்டும்.

அறிகுறி: நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பாட்டை நினைவூட்டுகிறது என்கிறார்கள்

பிரீஃபோடு வரும் மாதிரிப் பாடலை நூறு முறை கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால் இது நேரும். மாதிரியிலிருந்து வேகத்தையும், கருவிகளின் வகையையும், ஏற்ற இறக்கத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ரிஃபின் சுர வரிசையையும் அதன் தாளக் கோலத்தையும் தொடக்கூடாது. மாதிரியை இரண்டு முறை கேட்டு, குறிப்பெடுத்து, மூடிவிட்டு, மறுநாள் எழுதுவது என் வழக்கம். கடையில் வாங்கிய லூப்பை (ஆயத்தமாகக் கிடைக்கும் இசைத்துண்டு) முதன்மை ரிஃபாக வைப்பதும் இதே வகைப் பிழை. உரிமம் இருந்தாலும் அதே லூப் இன்னொருவரின் டிராக்கிலும் இருக்கும், தானியங்கி அடையாளம் காணும் அமைப்புகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

அறிகுறி: இசையை ஏற்றுக்கொண்டார்கள், கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள்

காணொளிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புதான் வழக்கம், 44.1-இல் எழுதியிருந்தால் அனுப்பும் முன் முறையாக மாற்றுங்கள். ஸ்டெம்கள் (கருவிவாரியாகப் பிரித்த கோப்புகள்) அனைத்தும் பூஜ்ய நொடியில் தொடங்கி ஒரே நீளத்தில் முடிய வேண்டும். லீட் 40-ஆம் நொடியில்தான் வருகிறது என்பதற்காக அந்தக் கோப்பை அங்கிருந்து தொடங்கும்படி வெட்டக்கூடாது. என் டிரம்ஸ் ஸ்டெம் ஒருமுறை இப்படித்தான் முன்னிருந்த ஒரு பார் அமைதியை இழந்துபோனது. எடிட்டரின் மேசையில் டிரம்ஸ் 1.5 நொடி முந்தியும் கிட்டார் பிந்தியும் ஓட, அந்த வாரத்து வாய்ப்பு கைநழுவியது. அன்றிலிருந்து அனுப்பும் முன் எல்லா ஸ்டெம்களையும் புதிய, வெறுமையான புராஜெக்டில் இறக்கி, எதையும் நகர்த்தாமல், தொடக்கம் முதல் கடைசி அடி வரை ஒருமுறை முழுவதும் ஓடவிட்டுக் கேட்கிறேன். இரண்டு நிமிட டிராக்குக்கு அதற்கு இரண்டே நிமிடம்தான் ஆகிறது.